பத்தடி வளைவு

என் பீரோவில், சேலைகளுக்கு அடியில், தினசரி காலண்டரிலிருந்து கிழித்த தாள் ஒன்று கிடக்கிறது. முன்பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதன் கீழே ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம். பின்பக்கத்தில் பென்சிலால் மூன்று வரிகள். சப்பரம் ஏழடி. வளைவு பத்தடி. மூன்றாவது வரி ‘அளந்தது நான்,’ என்று தொடங்குகிறது. அதற்கு அடுத்து ஒரு சொல் அடிக்கப்பட்டிருக்கிறது. பென்சிலை அழுத்தி அழுத்தி அடித்ததில் அந்த இடத்தில் தாளே நைந்துவிட்டது. பங்குனி பிறந்தால் அதை எடுத்துப் பார்ப்பேன், மறுபடி மடித்து வைத்துவிடுவேன். இந்த வருஷம் வரைக்கும் யாருக்கும் காட்டியதில்லை.

கையெழுத்து எங்கள் ஊராட்சித் தலைவருடையது. நாரணாபுரம் பக்கம், பட்டாசுக் கம்பெனிகளுக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. தலைவர் சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற அச்சகம் வைத்திருந்தார். நான் ஊராட்சிச் செயலர். தலைவர் காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் சுவரில் தொங்குகிற காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். அன்றைக்கு ஊருக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தாளின் முதுகில்தான் எழுதப்படும். அரசாங்கம் கட்டுக் கட்டாகக் காகிதம் அனுப்பினாலும் மனிதர் அதில் ஒன்றைக்கூடத் தொட மாட்டார்.

யார் என்ன கேட்டு வந்தாலும் அவரிடம் இருந்தது ஒரே கேள்விதான். “வருசத்துல எத்தனை நாளு உதவும்?” காலண்டர்க்காரருக்கு வருஷம் என்பது கையால் தடவிப் பார்க்கிற ஒரு கட்டு அல்லவா! கலையரங்கம் வேண்டும் என்று இளவட்டங்கள் வந்து நின்றபோது கேட்டார். பொங்கலுக்கு மூன்று நாள் என்றார்கள். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். கம்பெனி வேன் வந்து நிற்கிற இடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்று நான் எழுதி நீட்டியபோதும் அதையேதான் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை போக எல்லா நாளும் என்றேன். மறுவாரமே கொத்தனார் வந்துவிட்டார். ஊரில் அவருக்குக் கஞ்சர் என்று பெயர். சொந்தக் காசை வாரி இறைப்பார். ஊர்க்காசு என்றால்தான் கை மூடிக்கொள்ளும்.

அப்பேர்ப்பட்டவர் ஒரே ஒரு விஷயத்தில் சறுக்கினார். ஆடியில் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் ஊர் என்று ஒன்று இருப்பதையே கவனிக்காமல் கடந்து போகிறார்கள் என்பது எங்கள் அம்மன் கோயில் பூசாரிக்கு நெடுநாள் வருத்தம். ஊர் முகப்பில் அலங்கார வளைவு கேட்டு வந்தார். தலைவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, “எத்தனை நாளுன்னு மட்டும் கேட்டுறாதீக தலைவரே. கண்ணு தினமுந்தான பாக்குது” என்றார். தலைவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வேனிலிருந்து இறங்கிய பெண்கள் சாயங்கால வெயிலில் வந்துகொண்டிருந்தார்கள். கையிலும் கழுத்திலும் காதோரத்திலும் ஒட்டியிருந்த அலுமினியப் பொடி வெயில் பட்டு மினுங்கியது. புழுதி மண்டிய அந்தப் பாதையில் அவர்கள் கால் தரையில் படாமல் வருவதுபோல இருந்தது. “இதுகளும் ஒரு வாசல் வழியா வீட்டுக்கு வரட்டுமே” என்றார் தலைவர். அழகுக்கென்று அவர் செய்த ஒரே செலவு அது. எனக்கும் அன்று மனசு நிறைந்துதான் இருந்தது.

அம்மன் சப்பரம் நுழைய வேண்டுமே என்று இரண்டு பேரும் அளக்கப் போனோம். சப்பரம் ஊருக்கு வெளியே இருக்கிற கோயிலின் கொட்டகையில், தரையில் இருந்தது. அவர் ஸ்டூலில் ஏறி டேப்பின் மேல்முனையைக் கலசத்தில் வைத்தார். கீழ்முனையை நான் தரையோடு அழுத்திப் பிடித்தேன். ஏழடி. தாராளமாக இருக்கட்டும் என்று மூன்றடி கூட்டி எழுதிக்கொண்டார். பிறந்த நாளிலிருந்து சப்பரத்தை ஆட்களின் தோள்மேல் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தத் தோளின் உயரத்தையும் சேர்க்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அடுத்த பங்குனிப் பொங்கலில் சப்பரம் வளைவுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. மேளம் பிசிறி அடங்கியது. தலைவருக்கு முகம் செத்துவிட்டது. தூக்கி வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சப்பரத்தைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கி, மெல்ல மெல்ல வளைவைக் கடத்தினார்கள். கூட்டத்திலிருந்து யாரோ ஒருத்தி, “ஆத்தா குனிஞ்சு நம்ம ஊருக்குள்ள வாரா!” என்று கத்தினாள். குலவை எழுந்தது. எங்கள் தப்பு அந்த நிமிஷத்தில் ஊர் வழக்கமாகிவிட்டது. மறுவருஷம் அதைப் பார்ப்பதற்கென்றே வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

அதற்குப் பின் வந்த தீபாவளி சீசனில், ஓர் உச்சிவெயிலில், ஊரின் கீழ்க்கோடியில் இருந்த கம்பெனியில் தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டி வளைவுக்கு முன்னால் வந்து நின்றது. டிரைவர் இறங்கி மேலே பார்த்தார். வண்டியின் தலையில் ஏணி இருந்தது. பின்னால் எடுத்து, கண்மாய்க்கரை வழியாகச் சுற்றிப் போனார்கள். அந்தக் காட்சி இப்போதும் எனக்குச் சத்தமே இல்லாமல்தான் வரும். கானலில் நெளிகிற வளைவு, அதன் நெற்றியில் தலைவர் பெயர், அதற்கு அந்தப் பக்கம் ஒரு சிவப்பு வண்டி பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். உயிர்ச்சேதம் இல்லை. அங்கே வேலையில் இருந்த என் அண்ணன் மனைவிக்கு, என் மதினிக்கு, இரண்டு கையும் வெந்துவிட்டன. வண்டி நேரே வந்திருந்தால் அவள் கை தப்பியிருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கேள்வியை நான் இன்னும் இறக்கி வைக்கவில்லை.

அடுத்த கிராம சபையில் தலைவர் எழுந்து, வளைவை இடிக்கப் போவதாகச் சொன்னார். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவர் ஜெயிக்கப் போவதில்லை என்பது அவருக்கே தெரியும். ஊர் கொதித்துப்போனது. “ஆத்தா குனிஞ்சு வார வாசலு. அதை இடிச்சுப்புட்டா அவ எங்கன குனிவா?” என்று கேட்டார் பூசாரி.

“ஆத்தா எங்கன வேணாலும் குனிவா. வண்டி குனியாதுய்யா” என்றார் தலைவர். “அளந்தவன் நான். தப்பு என்னோடது. ஊர்க்காசுல கட்டிட்டேன். இடிக்கிறதுக்கும் ஊர்க்காசைக் கேக்க எனக்கு மூஞ்சி இல்ல. அதை நான் பாத்துக்கிடுறேன்.”

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கூட்ட நடவடிக்கையை எழுதிக்கொண்டிருந்தேன். எழுந்து, டேப்பின் மறுமுனை என் கையில்தான் இருந்தது என்று சொல்லியிருக்கலாம். பெண்கள் பக்கத்தில் மதினி, கட்டுப் போட்ட கைகளை மடியில் கிடத்திக்கொண்டு என்னையே பார்த்தபடி இருந்தாள். நான் எழவில்லை. ‘அளந்தவர் தலைவர்’ என்று முத்து முத்தாக எழுதினேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

வளைவு போனது, பதவியும் போனது. அடுத்த பங்குனியில் சப்பரம் அந்த இடத்துக்கு வந்தபோது நான் தலைவர் பக்கத்தில் நின்றிருந்தேன். தூக்கி வந்தவர்கள் தாங்களாகவே சப்பரத்தைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கினார்கள். மேலே வெறும் வானம். இல்லாத வளைவின் கீழே அம்மன் மெதுவாகக் குனிந்து வந்தாள். பூசாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அன்னைக்கு டேப்போட இன்னொரு முனை என் கையிலதான இருந்துச்சு தலைவரே” என்றேன். குலவைச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது என்றுதான் நினைத்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து என் கையில் வைத்தார். “நீ பிடிச்சது தரைமுனை தாயி. தரையில என்ன தப்பு வந்துரும்? மேல ஏறி நின்னவன்ல பாத்திருக்கணும்” என்றார்.

போன ஐப்பசியில் தலைவர் இறந்துபோனார். இந்தப் பங்குனியிலும் சப்பரம் அந்த இடத்தில் தாழ்ந்து கடந்தது. வளைவைப் பார்த்தே இராத பையன்களும் தோள் கொடுத்திருந்தார்கள். எங்கே இறக்க வேண்டும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. மதினி என் பக்கத்தில் நின்று, நீட்ட வராத விரல்களைச் சேர்த்துக் கும்பிட்டாள். “தலைவரு இருந்து பாத்திருக்கணும். பாவம், தப்பா அளந்துட்டு அம்புட்டுப் பழியும் சுமந்தாரு” என்றாள்.

நான் இடுப்பில் செருகியிருந்த தாளை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி மூன்று வரியையும் வாசித்தாள். நைந்த இடத்தில் வந்து நின்றாள்.

“அடிச்சிருக்கே, இதுல என்ன எழுதியிருந்துச்சு?” என்று கேட்டாள்.

“செயலர்” என்றேன்.