கம்ப்யூட்டருக்கு விடுமுறை

நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் பதவியின் பெயர் கம்ப்யூட்டர். சுரங்கத்தில் மண் வெட்டும் ஒப்பந்தக்காரர் ஒருவரின் சர்வே ஆபீஸ். எத்தனை கன மீட்டர் மண் வெட்டினார்கள் என்று பென்சிலால் கணக்குப் போட வேண்டும். ஆங்கிலத்தில் அந்தச் சொல் முதலில் கணக்குப் போடும் ஆளைத்தான் குறித்ததாம். இயந்திரம் பிறகு வந்து பெயரை வாங்கிக்கொண்டது.

எங்கள் ஆபீசிலும் அப்படித்தான். இயந்திரம் வந்து இறங்கியதும் என்னை ‘உதவியாளர்’ ஆக்கினார்கள். அதற்கு ஏ.சி. போட்டார்கள், எனக்குப் பழைய மின்விசிறி. கொஞ்ச காலம் எங்கள் சுரங்க டவுன்ஷிப்பில் கம்ப்யூட்டர் என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய ஓர் அறை. பிறகு கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண்கள் போய்வரும் கோர்ஸ். இப்போது என் மகன் பெங்களூரில் பார்க்கும் வேலை. அந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும், எங்கள் ப்ளாக்கில் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

போன ஆயுத பூஜைக்கு அவன் வந்திருந்தான். அன்று மாலையே பஸ் ஏற வேண்டும். மதியம் அவனோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அதுதான் என் ஆசை. பூஜை முடிந்ததும் கிளம்பிவிடலாம் என்று ஆபீஸ் போனேன். கம்ப்யூட்டருக்கு மாலை, பிரின்டருக்குப் பொட்டு, கால்குலேட்டருக்குக்கூடச் சந்தனம். சுண்டலைக் கையில் வாங்கும்போது மேனேஜர் வந்தார்.

“மேடம், நேத்து வெட்டுன மண்ணுக்குக் கணக்கு இன்னைக்கே கேக்கறாங்க. பூஜைல வெச்சத நாளைக்கு வரைக்கும் தொடக் கூடாது. நீங்க கையால போட்டுக் குடுத்துடுங்க. சாயந்திரத்துக்குள்ள முடிஞ்சிரும்.”

இயந்திரத்துக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சந்தனக் கிண்ணத்தை எடுத்தேன். என் இரண்டு புறங்கைகளிலும் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தேன்.

“நாளைக்கு வந்து போடறேங்க,” என்றேன்.

அவர் என் கைகளையே பார்த்தார். பிறகு யாருக்கோ போன் போட்டார். நாளைக் காலையில் கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டார்களாம். அவ்வளவுதான் அந்த அவசரம்.

எப்படியும் நான் வர நேரமாகும் என்று நினைத்து மகனே சமைத்து வைத்திருந்தான். கையில் என்ன சந்தனம் என்று கேட்டான், சொன்னேன். சிரிப்பான் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. “நீ உக்காரும்மா,” என்று கரண்டியை எடுத்தான்.

அவன் எனக்குப் பரிமாறியது அதுதான் முதல் தடவை. சாம்பாரில் உப்பே இல்லை. இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.