அழிக்காமல் கொடுத்த பெட்டி

திண்டிவனம் மேம்பாலத்தைத் தாண்டி விழுப்புரம் போகும் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டுத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தோள்பையில் இரண்டு ஸ்க்ரூ டிரைவர், ஒரு பென்டிரைவ், மாற்றுச் சட்டை. எந்த ஊரை விட்டுக் கிளம்பினாலும் என்னிடம் இருப்பது ஏறக்குறைய இவ்வளவுதான். மற்ற ஊர்களிலிருந்து வேகமாக நடந்துவிடுவேன். அன்று மெதுவாகத்தான் நடந்தேன்.

நான் விட்டுவிட்டு வந்தது ஒரு டிடிபி கடையை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் ஒரு அக்கா நடத்துகிறார். கல்யாணப் பத்திரிகை, ஜெராக்ஸ் எல்லாம் உண்டு என்றாலும் அவருக்குச் சோறு போடுவது கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான். சுற்றுப்பட்டில் எந்த ஊரில் சாவு விழுந்தாலும் ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு வருவார். கையில் இருப்பது பெரும்பாலும் மங்கலான செல்போன் படம். அக்கா அதை உட்கார்ந்து சரிசெய்வார். தலையில் கட்டிய துண்டை எடுத்துவிட்டு முடி வாரிவிடுவார். நைட்டியைப் பட்டுப்புடவையாக்குவார். உயிரோடிருந்தபோது போடாத சங்கிலியைக் கழுத்தில் போடுவார். பதினாறாம் நாள், வருஷம் என்று அதே குடும்பம் அதே முகத்தைக் கேட்டுத் திரும்ப வரும் என்பதால் எந்தப் படத்தையும் அவர் அழிப்பதில்லை. ஊர்வாரியாகப் பிரித்துக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். விழுப்புரத்தில் ஒரு செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் கடையில் பெட்டிகளைத் துடைத்துக் கொடுத்துக்கொண்டே கம்ப்யூட்டர் வேலையைக் கற்றுக்கொண்டேன். பழைய விண்டோஸுக்கு இனிமேல் பாதுகாப்பு அப்டேட் வராது என்று பேச்சு வந்தபோது, கடைக்காரர் என்னைத் திண்டிவனத்துக்குக் கடை கடையாக ஏறி இறங்க அனுப்பினார். புதிய விண்டோஸ் ஏற வேண்டுமானால் போர்டில் ஒரு பாதுகாப்புச் சிப் வேண்டும். பூட்டுச் சாவிகளை உள்ளே வைத்துக் காக்கும் சிப் அது. அக்காவின் பெட்டியில் அது இல்லை.

“நல்லாத்தானடா ஓடிக்கினு இருக்குது?” என்றார்.

“ஓடும்க்கா. ஆனா கதவுக்குத் தாப்பா இல்லாத வீடு மாதிரி.”

எல்லாக் கடையிலும் இதையே சொன்னேன். நான்கைந்து வருஷம் ஏதோ ஆபீஸில் உழைத்த பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, புதிய விண்டோஸ் ஏற்றினேன். அதில் ஒரு மெயில் கணக்கு கேட்டது.

“மெயில் ஐடி இருக்காக்கா?”

“அதெல்லாம் எனக்கு எதுக்கு? நீயே எதனா போட்டுக்க.”

எங்கள் தொழிலில் இது வழக்கம். கடைக்காரர்களுக்கு மெயில் இருக்காது. இருந்தாலும் பாஸ்வேர்டு நினைவிருக்காது. நாங்களே ஒன்றை உருவாக்கி, எங்கள் செல் நம்பரையே கொடுத்துவிடுவோம். அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று சொல்லிக்கொள்வோம். என் நம்பர் உள்ளே இருந்தால் நாளைக்கு ரிப்பேர் என்றாலும் என்னைத்தான் கூப்பிட வேண்டும் என்ற எண்ணமும் எனக்கு இருந்தது.

படங்களையெல்லாம் புதிய பெட்டிக்கு மாற்றிக் கொடுத்தேன். பழையதை எக்ஸ்சேஞ்சில் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்தார்.

“அதுல இருக்கறத அழிச்சுட்டுத்தான் எங்கயும் குடுக்கணும், சொல்லிட்டேன். செத்தவங்க மூஞ்சி கண்டவன் கையில போவக்கூடாது.”

“அழிக்காம குடுப்பனாக்கா?” என்றேன்.

அதன்பின் சில மாதங்கள்தான் விழுப்புரத்தில் இருந்தேன். ஒரே ஊரில் ஒரே கூரையின் கீழ் இருந்தால் எனக்கு மூச்சு முட்டும். ஓசூருக்குப் போனேன். அங்கிருந்து பாலக்காடு. சிம்முக்கு ரீசார்ஜ் செய்யவில்லை. அந்த நம்பர் போயிற்று. வேறு நம்பர் வாங்கிக்கொண்டேன். திண்டிவனத்தில் எத்தனை கடைகளின் கணக்கு அந்த நம்பரில் தொங்குகிறது என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

சென்னை போய்விட்டு விழுப்புரம் திரும்பும் வழியில் அன்று டீ குடிக்கத்தான் திண்டிவனத்தில் இறங்கினேன். அக்கா கடைக்குள்ளிருந்தே பார்த்துவிட்டார்.

“டேய்! இங்க வாடா! உன்ன எங்கெல்லாம் தேடறது? போன் போட்டா எவளோ ஒருத்தி எடுக்கறா!”

இடி மழையில் போர்டு எரிந்துபோய், வேறு ஆளை வைத்து அதே மாதிரிப் போர்டு மாற்றியிருந்தார்கள். டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பெட்டியைப் போட்டதும் நீலத் திரை வந்து நீளமான ஒரு மீட்பு எண்ணைக் கேட்டது. புதிய விண்டோஸ் டிஸ்க்கைத் தானாகவே பூட்டி வைத்திருக்கிறது. பூட்டின சாவி எரிந்த போர்டோடு போய்விட்டது. மாற்று எண் நான் உருவாக்கிய மெயில் கணக்கில் இருக்கிறது. பாஸ்வேர்டு போட்டாலும் அதைத் திறக்க என் பழைய நம்பருக்கு ஓடிபி போகும்.

ஸ்டூலில் ஒருவர் மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். திருவக்கரைப் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் நிலக்கடலைக் கொல்லையில் கூலிவேலை செய்கிறவர். அடுத்த வாரம் அவர் மனைவிக்குத் தலை வருஷம், இறந்த பின் வரும் முதல் நினைவு நாள். பையிலிருந்து பிரேம் போட்ட படத்தை எடுத்துக் காட்டினார். மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது கண்ணாடிக்குள் ஈரம் இறங்கி, முகம் இருந்த இடம் கரைந்திருந்தது. புடவையின் கரை மட்டும் அப்படியே இருந்தது. அக்கா போட்டுவிட்ட புடவை அது.

“ஆதார்ல படம் இருக்குமேண்ணா?” என்றேன்.

“அது அவ இல்ல தம்பி. போலீஸ்ல புடிச்சுக்கினு போனவ மாதிரி எடுத்து வெச்சிருக்கானுங்க. அந்தம்மா பண்ணதுதான் அவ. லேசா சிரிச்சுக்கினு இருப்பா.”

நூறு நாள் வேலையில் கும்பலாக எடுத்த ஒரு படத்திலிருந்து அக்கா வெட்டியெடுத்த முகம். எடுத்தவரிடமும் அந்தப் படம் இப்போது இல்லை.

என் பழைய நம்பருக்குப் போட்டேன். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். ஒரு பெண் எடுத்தார்.

“அம்மா, இது முன்னாடி என் நம்பருங்க. இப்ப உங்களுக்கு ஒரு மெசேஜ் வரும். அதுல இருக்கற எண்ண மட்டும் சொன்னீங்கன்னா...”

“ஓடிபியா? ஓடிபியா கேக்கற? டிவில தெனமும் சொல்லிக்கினே இருக்காங்க, எனக்குத் தெரியாதா? நேர்ல வா, செருப்பு பிஞ்சிடும்!”

அக்கா போனைப் பிடுங்கினார். “ஏம்மா, நான் கடை வெச்சிருக்கேம்மா. செத்துப்போனவங்க படம்...”

“பொம்பளைய வேற சேத்துக்கினீங்களா? சாவ வெச்சுப் பொழைக்கறீங்களே, தூ!” போன் அணைந்தது. மறுபடி போட்டபோது சுவிட்ச் ஆஃப்.

“அவ சொல்றதும் சரிதானடா,” என்றார் அக்கா. “நானா இருந்தாலும் இதான் சொல்லுவேன்.”

ஸ்டூலில் இருந்தவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “உள்ள இருக்குதா தம்பி, இல்ல போயிடுச்சா?”

“இருக்குதுண்ணா. பூட்டியிருக்குது.”

“இருந்தா சரி,” என்றார். பிரேமைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டே, “முன்ன ஒரு பொட்டி இருந்திச்சே, அதுலதான அவ படத்தப் போட்டாங்க. அது எங்க?”

அக்கா எனக்கு முன்னால் பதில் சொன்னார். “அத அழிக்கச் சொல்லிட்டேங்க. தம்பி அழிச்சுதான் குடுத்திருக்கும்.”

நான் அழிக்கவில்லை. டிஸ்க்கை முழுக்க அழிக்க அரை நாள் ஆகும். அன்று எனக்குச் சோம்பலாக இருந்தது. அந்தப் பெட்டியை இன்னும் பல பெட்டிகளோடு குட்டியானை வண்டியில் ஏற்றி, விழுப்புரம் காயலான் கடையில் நானே இறக்கினேன். ஸ்டூலில் இருந்தவரின் மனைவி முகம் எங்காவது மிச்சமிருந்தால், நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றாததால்தான் மிச்சமிருக்க வேண்டும். இதைச் சொல்ல வாய் எடுத்தேன். அக்கா என்னைப் பார்த்து, ஆமாம் சொல்லு என்பது போலத் தலையசைத்தார். நான் தலையாட்டினேன். பையை எடுத்துக்கொண்டு, பார்க்கிறேன் என்றோ வருகிறேன் என்றோ தெளிவில்லாமல் எதையோ சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

“டீ குடிச்சுட்டாவது போ தம்பி,” என்றார் அந்த மனிதர். அந்தச் சொல்தான் மேம்பாலம்வரை கூடவே வந்தது.

பைபாஸில் விழுப்புரம் பஸ் பிடித்தேன். விக்கிரவாண்டி வரும்வரை அக்காவுக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொன்ன பிறகு காயலான் கடையில் பெட்டி கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று ஒரு சமாதானம் தோன்றியது. உண்மையில் பொய் வெளியாவதுதான் பயம். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டிலேயே படுத்துக்கொண்டேன்.

காலையில் காயலான் கடை திறக்கும்போதே போய் நின்றேன். பின்புறம் கம்ப்யூட்டர்கள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. சிப் இல்லை என்று ஊரே தூக்கிப் போட்டவை. அக்கா ஆயுத பூஜைக்குத் தன் பெட்டியில் சந்தனப் பொட்டு வைத்திருந்தார், அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். குவியலில் பாதிக்கு மேல் காய்ந்த சந்தனமும் குங்குமமும் இருந்தன.

“இன்னா தேடற?” என்றார் கடைக்காரர்.

“ஒரு பெட்டிண்ணா. அதுல இருக்கற டிஸ்க் மட்டும் வேணும்.”

“இப்டி சொல்லிக்கினு வந்த ஒருத்தன்தான் செம்பு ஒயர உருவிக்கினு போயிட்டான். வேலைக்காரன் தவிர எவனும் அங்க போவக்கூடாது.”

“அப்ப என்ன வேலைக்கு வெச்சுக்குங்க.”

மேலும் கீழும் பார்த்தார். “எத்தினி நாளு இருப்ப? உன்ன மாதிரி ஆளு மதியச் சோறு துன்னுட்டு எகிறிடுவான்.”

“குவியல் முடியற வரைக்கும்.”

சுத்தியலைக் கொடுத்தார். இரும்பு ஒரு பக்கம், போர்டு ஒரு பக்கம், டிஸ்க்கை உடைத்து அலுமினியம் தனியாக.

“டிஸ்க்க மட்டும் பாத்துட்டு ஒடைக்கறேண்ணா.”

“பாத்துட்டா? இன்னா, படம் ஓடுமா அதுல?”

“செத்தவங்க படம்ணா.”

அவர் உள்ளே போய், ஓடுகிற நிலையில் இருந்த ஒரு பழைய பெட்டியையும் மானிட்டரையும் கொண்டுவந்து, ஒயரைச் செருகி என் பக்கத்தில் வைத்தார். “ஜல்தியா ஆரம்பி, பேஜாரு பண்ணாத,” என்றார்.

மேலே கிடந்த முதல் பெட்டியை இழுத்துப் போட்டு, மூடியைக் கழற்ற ஆரம்பித்தேன்.