சரிங்க என்று சொல்லாதீங்க

எம்.ஆர்.ஐ. எடுக்கிறவளுக்குக் காந்தம் ஒருநாளும் கஷ்டம் கொடுக்காது. மனுஷன் மூச்சுதான் கொடுக்கும். கல்லீரல் மூச்சோடு சேர்ந்து ஏறி இறங்குகிற சாமான். மூச்சை அடக்கினால் படம், இல்லாவிட்டால் கலங்கின குட்டை. நான் வண்டிப்பெரியார் எஸ்டேட்டில் பிறந்து, பாலக்காட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் இந்த மெஷினோடு மாரடிக்கிறவள். நாள் பூரா மைக் முன்னால் உட்கார்ந்து "இழுங்க, விடுங்க, அடக்குங்க" என்று ஜெபமாலை உருட்டுகிற சக பாவிகளே, இது உங்களுக்குத்தான்.

ஒன்றா, பலதா?

பழனிச்சாமி கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயி. பெருங்குடலில் புற்றுநோய் வந்து, ஆபரேஷன் முடிந்து, தேறி மாட்டுக்குப் புல் அறுக்கப் போய்க்கொண்டிருந்தவர். அப்புறம் எடுத்த சி.டி. ஸ்கேனில் கல்லீரலில் ஒரு நிழல். குடலில் வருகிற வியாதி எட்டிப்பார்க்கிற முதல் வீடு அநேகமாகக் கல்லீரல்தான். அவருக்கு ஒரே ஒரு கட்டி என்றால் வெட்டி எடுத்துவிடலாம், பல இடத்தில் சிதறிக் கிடந்தால் கத்தி வைக்க முடியாது என்று சர்ஜன் சொல்லிவிட்டார். எது என்று எங்கள் படம் சொல்ல வேண்டும்.

ஸ்கேனுக்கு நாள் குறிக்க மனைவி சரசுவோடு வந்தார். நான் விளக்கினேன். ஊசியில் ஒரு மருந்து ஏற்றுவோம். கொஞ்ச நேரத்தில் நல்ல கல்லீரல் அதை உறிஞ்சிப் படத்தில் வெளுத்துவிடும். கட்டி உறிஞ்சாமல் கறுப்பாக நிற்கும். ஆனால் மருந்து ரத்தத்தில் பாய்கிற முதல் நொடிகள் ஒரே தடவைதான் வரும். அப்போது மூச்சு ஆடினால் போச்சு. அவர் கைகட்டிக்கொண்டு எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றார். சரசுதான் என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏனுங் அம்மிணி, ஒண்ணுதான்னு வந்தா பொழச்சுக்குவாருங்களா? அவரு மனசுல இருக்கறத எங்கிட்டச் சொல்ல மாட்டாரு, நாந்தான் கேக்கோணும்."

மாதாவும் காந்தமும்

அவர்களுக்குக் குறித்த நாள் வருவதற்குள் எங்கள் ஊர்ப் பெரியம்மா ஒருத்தி வந்தாள். எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளினவள். கம்மல், ஊக்கு, கொலுசு எல்லாம் கழற்றியாச்சு என்று சத்தியம் பண்ணினாள். இரும்பு இருக்கிறதா என்று சோதிக்கிற கருவியோ அவள் தலைப்பக்கம் போனாலே கத்துகிறது. கொண்டையைப் பிரித்தால் உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு மாதா சுரூபம், இரும்பில்.

"பெரியம்மா, இதோட உள்ள போனா காந்தம் இழுத்துக்கிடும்" என்றேன். அவள் அசையவில்லை. கடைசியில் என் கையிலேயே வைத்துக்கொள்வதாகச் சொன்ன பிறகு மனசில்லாமல் கொடுத்தாள். "ஏட்டி, காந்தம் இழுத்தா மாதா போயிருவாளாக்கும்? உம் மெஷினுதான் மாதாகிட்ட வரும்."

கப்பைக் கிழங்கு முகம்

படத்தில் இருப்பதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, டாக்டர்தான் சொல்லுவார். அதனால் வெளியே நிற்கிற சொந்தக்காரர்கள் எல்லாரும் என் முகத்தைப் படிப்பார்கள். நான் கதவைத் திறப்பதற்கு முன்னால் முகத்தை வேகவைத்த கப்பைக் கிழங்கு (உங்கள் ஊர் மரவள்ளி) மாதிரி ஆக்கிக்கொள்வேன். சிரிக்கவும் கூடாது, சிணுங்கவும் கூடாது.

கல்பாத்தி அக்ரஹாரத்து மாமா ஒருவர், பேங்கில் இருந்து ரிட்டயர் ஆனவர். தம்பியை ஸ்கேனுக்குப் படுக்கவைத்துவிட்டு வாசலிலேயே நின்றார். நான் குனிந்த தலை நிமிராமல் அவரைத் தாண்டப் பார்த்தேன். "சொல்லப்படாதுன்னு நேக்குத் தெரியும். வாயால சொல்ல வேண்டாம்மா, மொகத்தை மட்டும் இந்தப் பக்கம் திருப்பிக்கோ, போறும்."

மரியாதைக்காரர்

பழனிச்சாமியின் நாள் வந்தது. மருந்து ஏற்றுவதற்கு முன்னால் மூச்சுக்கு ஒத்திகை பார்ப்போம். "மூச்சை அடக்குங்க" என்றேன் மைக்கில். மெஷின் குழாய்க்குள்ளிருந்து "சரிங்க" என்றார். வாய் திறந்ததும் மூச்சு போச்சு, படம் நாசம். "ஐயா, பதில் சொல்லாதீங்க." "சரிங்க, சொல்லலீங்க." திரும்பவும் நாசம். டாக்டரே வந்து மைக்கைப் பிடித்தார். பெரிய மனுஷன் சொல்கிறாரே என்று அவருக்கு இரண்டு "சரிங்க" கிடைத்தது. பேசுகிறவருக்குப் பதில் சொல்லாமல் இருக்க அந்த மனுஷனுக்குத் தெரியவே தெரியாது. பயத்தில் அது இன்னும் கூடிப்போச்சு.

எனக்குப் பொறுமை போய்விட்டது. இப்படியே மருந்தை ஏற்றினால், கட்டி ஒன்றா பலதா என்பது கலங்கல் படத்தில் தெரியாமலே போகும். வெளியே வந்து சரசுவிடம், "வீட்டிலயும் இப்படித்தானா, எதுக்கெடுத்தாலும் சரிங்க, சரிங்கன்னு?" என்று எரிந்து விழுந்தேன். அந்தக் கவலையிலும் அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஊருக்கெல்லாம் சொல்லுவாருங்க. கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து எனக்கு மட்டும் ஒரு பதில் சொன்னதில்லீங்க. அந்த மைக்க எங்கிட்டக் குடுங்க, நாஞ் சொல்றன்."

சரசு சொன்னார்

டாக்டர் சம்மதித்தார். சரசுவை என் நாற்காலியில் உட்காரவைத்து, நான் தோளைத் தொடும்போது சொல்லச் சொன்னேன். "ஏனுங்க, மூச்ச இழுங்க. உடுங்க. அப்பிடியே அடக்குங்க." குழாய்க்குள் மூச்சுப் பேச்சே இல்லை. மருந்து ஏறியது. படம் கண்ணாடி மாதிரி விழுந்தது.

கொஞ்ச நேரம் பொறுத்து எடுத்த படத்தில் கல்லீரல் பளிச்சென்று வெளுத்திருந்தது. ஓரத்தில் ஒரு கறுப்பு. நான் மேலிருந்து கீழ்வரை தேடினேன், டாக்டரும் தேடினார். வேறே இல்லை. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது, ஆனால் பக்கத்தில் சரசு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கப்பைக் கிழங்காகவே இருந்தேன். பழனிச்சாமியை இறக்கின பிறகு டாக்டர் இருவரையும் தன் அறைக்குக் கூட்டிப்போய், ஒன்றுதான் என்று சொன்னார். வெளியே வந்த பழனிச்சாமி நேரே என்னிடம் வந்து கும்பிட்டார். "உள்ளார பதில் சொல்லாம இருந்ததுக்குத் தப்பா நெனச்சுக்காதீங்க அம்மிணி."

மறுபடியும் மைக்

கல்லீரலில் ஆபரேஷன் நடந்து, சில மாதம் கழித்து மறு ஸ்கேனுக்கு வந்தார்கள். நான் இந்தத் தடவை உஷார். ஒத்திகைக்கே சரசுவை மைக் முன்னால் உட்காரவைத்துவிட்டேன். "ஏனுங்க, மூச்ச அடக்குங்க" என்றார். குழாய்க்குள்ளிருந்து பதில் வந்தது: "சரி சரசு."

திரும்பச் சொன்னார். திரும்பவும் "சரி சரசு." அந்த அம்மா மைக்கைத் தள்ளிவைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இனி நாஞ் சொன்னா ஆகாதுங்க அம்மிணி. ஆப்பரேசன் முடிஞ்சு கண்ணு முழிச்சதுல இருந்து எனக்கும் பதில் சொல்றாரு."

அவரை வெளியே இறக்கி, பாக்கி "சரி" எல்லாவற்றையும் சரசுவிடம் மொத்தமாகச் சொல்லி முடித்துவிட்டு வரச் சொல்லித்தான் அன்றைக்கு மறுபடி உள்ளே அனுப்பினேன்; படத்தில் கல்லீரல் சுத்தம், கெட்டது என் கப்பைக் கிழங்கு முகம் மட்டும்தான்.