கரமனையில் சுவர் யாருடையது?

கரமனையில் குடியிருப்பது நல்லதா கெட்டதா என்று என்னிடம் கேட்டால், எந்த நாளைக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். பெங்களூரில் இருக்கும் என் மகள் ஃபோன் எடுத்தாலே இதைத்தான் கேட்கிறாள். இந்த அக்ரகாரத்து வீட்டை விற்றுவிட்டு, கழக்கூட்டம் பக்கம் லிஃப்ட் வைத்த ஃப்ளாட்டில் நான் போய் உட்காரவேண்டுமாம். தனியாக இருக்கிறேனாம். தனியாக இருக்க இந்தத் தெருவில் யார் விடுகிறார்கள்? நான் இருமினால் எதிர்வீட்டிலிருந்து கஷாயம் வந்துவிடுகிறது.

சும்மா சொல்லக்கூடாது, சௌகரியங்கள் நிறைய. தெருமுனைக்குப் போனால் கிழக்கேகோட்டைக்கு பஸ். டாக்டர், கோயில், பால், மருந்துக்கடை எல்லாம் கூப்பிடு தூரம். கொளுத்தும் மத்தியானத்தில்கூடப் பின்கட்டுக் கதவைத் திறந்தால் ஆற்றுக்காற்று வரும். மலையாளத்தில் பேரம் பேசிக் காய் வாங்கிவந்து, வீட்டுக்குள் நிம்மதியாகத் தமிழில் சண்டை போடலாம்.

கஷ்டங்களைச் சொல்ல ஆரம்பித்தால் வாய் வலிக்கும். கோலம் போட்டு நிமிர்வதற்குள் எவனோ அதன்மேல் காரை ஏற்றி நிறுத்திவிட்டுக் கடைக்குப் போகிறான். கேட்டால், “அஞ்சு மினிட், அம்மே” என்கிறான். அவனுடைய அஞ்சு மினிட் மத்தியானம் வரைக்கும் நீளும். மழை வலுத்தால் ஆறு கொல்லைக்கு வந்து எட்டிப் பார்க்கும். என் வீட்டுக் குக்கர் விசில் போட்டால் நாலாவது வீட்டில் என்ன குழம்பு என்று பேசிக்கொள்கிறார்கள். இத்தனையையும் நான் சகித்துக்கொண்டுதான் இருந்தேன்.

எங்கள் தெருவில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்பவை. இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர். என் கூடத்து உத்தரத்தின் ஒரு முனை இடப்பக்கத்துச் சுவரில் உட்கார்ந்திருக்கிறது. வலப்பக்கத்து வீட்டின் உத்தரம் என் சுவரில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஒரு ஆணி அடிப்பதானாலும் அடுத்த வீட்டில் சொல்லிவிட்டுத்தான் அடிப்போம். இடப்பக்கத்து மாமி காலண்டர் மாட்டக்கூட என்னிடம் வந்து நின்றவள். “மாமி, ஒரு ஆணி அடிச்சுக்கட்டுமா? உங்காத்துல ஒண்ணும் உதிராதே?” என்று கேட்டவள்.

ஆணிக்குக் கேட்டவள் வீட்டுக்குக் கேட்கவில்லை. போன சித்திரையில் பிள்ளையோடு கொச்சிக்குப் போய் ஒரு மாசம் இருந்துவிட்டு வருவதாகச் சொன்னாள். தாம்பூலம் கொடுத்து அனுப்பினேன், மடச்சி. பின்னாலேயே ஜேசிபி வந்தது. வீட்டை வாங்கினவர் நல்ல மனுஷர்தான், கை கூப்பித்தான் பேசினார். “சேச்சி, வாங்கியது எல்லாம் முறைப்படிதான். சுவரைத் தொடமாட்டோம்” என்றார். சுவரை அவர் தொடவில்லை. அதற்கு அந்தப் பக்கம் முட்டுக்கொடுத்திருந்ததை எல்லாம் இடித்து அள்ளிக்கொண்டு போனார். வைகாசி நடுவில் இடவப்பாதி மழை தொடங்கியதும் என் கூடத்துச் சுவரில் விரலை விட்டுப் பார்க்கும் அளவுக்கு விரிசல். ஜேசிபிக்காரன் மேல்கூட எனக்குக் கோபமில்லை. என் கையால் காப்பி குடித்துக்கொண்டே வாயைத் திறக்காமல் இருந்தாளே, அவள் மேல்தான்.

விரிசலின் போட்டோவைப் பார்த்ததும் மகள் தரகரையே அனுப்பிவிட்டாள். வந்தவரை வாசலோடு திருப்பி அனுப்ப எனக்கும் மனம் வரவில்லை. சொல்லப்போனால், போய்த் தொலையலாம் என்றுதான் அன்றைக்குத் தோன்றியது. அவர் டேப் பிடித்துக் கூடத்தை அளந்தார். கொல்லை வரை போய்ப் பார்த்தார். “வீட்டை இடிச்சுட்டு வெறும் மனையாக் கொடுத்தா நல்லாப் போகும்” என்றார்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனதும் வலப்பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர். வாதம் வந்து படுத்துவிட்ட புருஷனை ஒற்றையாளாகப் பார்த்துக்கொள்கிறவள். அவர் கட்டில் கிடப்பது என் சுவரை ஒட்டித்தான்.

அவள் சண்டைக்கு வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“எப்போ இடிக்கறா, மாமி?” என்று கேட்டாள். “அதுக்குள்ள இவரை எங்கேயாவது மாத்தணும், கேட்டேளா. தூக்கறதுக்கே ரெண்டு ஆள் வேணும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “யாருடி இடிக்கறா? நான் எங்கேயும் போகலை. இந்த விரிசலைப் பூசிண்டு இங்கேயேதான் கிடக்கப்போறேன். உங்காத்துக்காரர் நிம்மதியாப் படுத்திருக்கட்டும்!” என்று கத்தினேன். சொல்லும்போதே முடிவு செய்துவிட்டேன். மகள் என்ன குதித்தாலும் சரி.

அவள் மெதுவாகத் தலையை ஆட்டினாள். “சாரமில்லை, பரவாயில்லை மாமி. நீங்க என்ன பண்ணுவேள், உங்களுக்கும் கஷ்டம் இருக்கே” என்றாள். மறுநாள் சாயங்காலம் பூஜப்புரையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போய்விட்டு வந்தாள். நான் வாசலில் மறித்து, சாமி படத்தின் மேல் சத்தியம் பண்ணட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம், மாமி” என்றாள். “அந்தாத்து மாமியும் ஒரு மாசத்துல வந்துடறேன்னுதான் என் கையைப் பிடிச்சுண்டு சொன்னா.”

பாவி! அவள் விற்றது அவள் வீட்டை மட்டுமா? இத்தனை வருஷம் இந்தத் தெருவில் இருந்த என் வாய்ச்சொல்லையும் சேர்த்தல்லவா விற்றுவிட்டுப் போயிருக்கிறாள்.