கப்பல் வராத ஆண்டில் அம்மாவின் உரக்கடை

பேரையூருக்கு மேற்கே ஒரு பருத்தி விவசாயக் குடும்பத்தில், ஓர் அண்ணனுக்கு ஒரே தங்கையாகப் பிறந்தவர் எங்கள் அம்மா. அப்பா திடீரென மறைந்தபோது அக்காவும் நானும் சிறுபிள்ளைகள். மாமாதான் பேரையூரில் அம்மாவுக்கு ஓர் உரக்கடை வைத்துக் கொடுத்தார். பெண்பிள்ளை உர மூட்டை விற்பதா என்று சிலர் கேட்டார்கள்; அம்மா கடையைத் திறந்தார். பள்ளிவிட்டு ஓடிவந்து கட்டிக்கொண்டால் அவர் சேலையில் வேப்பம்புண்ணாக்கு மணக்கும். எங்களுக்கு அதுதான் அம்மா வாசம்.

எழுபதுகளின் நடுவில் உரத்துக்குப் பெரும் தட்டுப்பாடு வந்தது. உலகமெங்கும் எண்ணெய் விலை ஏறியதில், தூத்துக்குடிக்கு வரவேண்டிய யூரியாக் கப்பல்கள் வரவில்லை. இங்கோ நல்ல மழை பெய்து, பருத்தி உரத்துக்கு ஏங்கி நின்றது.

“எங்கயோ கெடக்குற கப்பலுக்கு எங்க செடி காத்துக் கெடக்கணுமாக்கா?” என்றார் ஒரு விவசாயி.

“செடி மட்டுமா தம்பி? நானுந்தான் காத்துக் கெடக்கேன்” என்றார் அம்மா.

ஒருவழியாக ஒரு லாரி வந்தது. சேதி கேட்டு மாமா மாட்டுவண்டிகளோடு முதல் ஆளாக வந்து நின்றார்.

“லோடு அம்புட்டையும் நம்ம தோட்டத்துல எறக்கச் சொல்லு, ஆத்தா.”

“கடை நீங்க வச்சுக் குடுத்தது அண்ணே, இல்லைங்கல. மூட்டை ஊருக்கு வந்ததுல்ல? பிரிச்சுத்தான் குடுக்கணும். உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு.”

“கூடப்பொறந்தவனும் ஊரானும் ஒனக்கு ஒண்ணா?”

“இன்னைக்கு ஒண்ணுதான் அண்ணே.”

மாமா தம் பங்கையும் வாங்காமல் திரும்பிப் போனார். அம்மா பொழுது சாயும்வரை மூட்டைகளைப் பிரித்து, காத்திருந்த அனைவருக்கும் அரசு நிர்ணயித்த விலைக்கே கொடுத்தார். கடையை அடைத்த பிறகுதான் அழுதார்.

அக்காவின் திருமணத்துக்கு நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தும் மாமா வரவில்லை. தாய்மாமன் இடத்தில் வேறொருவரை நிறுத்த அம்மா சம்மதிக்கவும் இல்லை.

பின்னர் மானியம் வந்து, உரம் தாராளமாகக் கிடைத்தது. அப்போதும் அம்மா, “சர்க்கார் வெலையில பாதியச் சுமக்குதேன்னு அள்ளிக் கொட்டாதீக. கப்பல் மறுபடியும் நின்னா என்ன செய்வீக? தொழுவத்துக் குப்பையையும் வயலுக்கு அடிங்க” என்று, வாங்க வந்தவர்களிடமே வாதாடுவார். இப்படியும் ஒரு வியாபாரியா என்று ஊரே சிரிக்கும்.

அப்படியொரு நாள், கடைக் கூட்டத்தின் பின்னால் மாமா நின்றார். அம்மா பார்த்துவிட்டார். ஆனாலும் வரிசையைக் கலைக்கவில்லை. மாமாவும் முன்னால் வரவில்லை. அவர் முறை வந்தது.

“எம்புட்டு வேணும் அண்ணே?”

“எல்லாருக்கும் குடுக்குற மாதிரியே குடு, ஆத்தா.”

அம்மா தராசை விட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. என் திருமணத்தில் மாமா சீரோடு முன்னால் நின்றார்.

மதுரை மருத்துவமனையில் அம்மா படுத்திருந்த நாள்களில் அன்போடு கவனித்த மருத்துவர்கள், செவிலியர், சோறு கொண்டுவந்து கொடுத்த அண்டை வீட்டார், அம்மா மறைந்த அன்று வேலையை நிறுத்திவிட்டு வந்து அவரைத் தோளில் சுமந்த, கடையில் மூட்டை தூக்கும் அண்ணன்மார், எல்லோருக்கும் எங்கள் நன்றி. தள்ளாத வயதிலும் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைத் தம் கையாலேயே கொண்டுவந்து தங்கைக்குப் போர்த்திய எங்கள் மாமாவுக்கு நன்றி சொல்ல, அக்காவுக்கும் எனக்கும் வார்த்தை வரவில்லை. அவர் காலைத் தொட்டு வணங்குகிறோம்.

— இளைய மகள்