பத்தாம் கட்டிலுக்கு வடித்த கஞ்சி

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ட்ரொலி தள்ளுகிறவனுக்குப் பரீட்சை, தட்டு வெறுமையாகத் திரும்புவதுதான். பள்ளிக்கூடத்துப் பரீட்சைகளைப் பற்றிக் கேட்காதீர்கள், பதினாறு வயதிலேயே விட்டுவிட்டேன். ஆனால் பத்தாம் கட்டிலின் தட்டு மூன்றாம் நாளும் தொடாமல் திரும்பியபோது இந்தப் பரீட்சையிலும் பெயிலானேன். ட்ரொலி தள்ளியவர்களுக்கு விளங்கும்.

தொடாத தட்டு

பத்தாம் கட்டிலில் மிஸ்டர் கோல்மன். நிமோனியா. முன்பு பழைய கிரேக்க மொழி படிப்பித்தவர். இறைச்சியும் மசித்த உருளைக்கிழங்கும் வைத்தால் பார்த்துவிட்டு மூடிவிடுவார். கடுங்காய்ச்சலுக்கு வடித்த பார்லிக் கஞ்சி, காய்ச்சல் விட்டபிறகுதான் வடிக்காத கஞ்சி என்பார். அந்தக் காலத்துக் கிரேக்க வைத்தியர்கள் அப்படித்தான் எழுதி வைத்தார்களாம்.

வெள்ளிக்கிழமைக்குள் சாப்பிடத் தொடங்காவிட்டால் மூக்கால் குழாய் விடுவோம் என்று வார்ட் சிஸ்டர் சொல்லியிருந்தா. மிஸ்டர் கோல்மனுக்குக் குழாயென்றால் பயம். மனைவிக்கு விட்டபோது பக்கத்தில் இருந்தவர். கஸ்டர்டாவது சாப்பிடுங்கோ என்று கெஞ்சினேன்.

"இரண்டாயிரம் வருடமாக ஒரு வைத்தியரும் காய்ச்சலுக்குக் கஸ்டர்ட் எழுதிக் கொடுத்ததில்லை."

அம்மாவின் கோபம்

லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டிலும் காய்ச்சலென்றால் கஞ்சிதான், அதற்குக் கிரேக்கம் தேவையில்லை. மிஸ்டர் கோல்மனுக்குப் பார்லியில் வையுங்கோ என்று நான் கேட்டதும் அம்மா வைத்தா. வடிக்கச் சொன்னதுதான் பிழை.

"ஏன்டா வடிக்கிறது? சத்தெல்லாம் போயிடும்."

"கிரேக்க வைத்தியத்தில அப்பிடித்தானாம், அம்மா."

"அந்த மனிசனைப் பாக்க ஆர் வாறது?"

"ஒருத்தரும் இல்லை."

அம்மா இன்னும் ஒரு பிடி பார்லி போட்டா. நாலு பல்லு உள்ளிப்பூடும் போட்டா. வடிக்காமலே பிளாஸ்கில் ஊற்றி மூடினா.

"அங்க போய் நீ வடி. உள்ளி போடாமல் நான் ஒருத்தருக்கும் கஞ்சி குடுக்க மாட்டன், கிரேக்கனெண்டாலும் சரி."

மூன்று கரண்டி

பிளாஸ்கை ஜாக்கெட்டுக்குள் வைத்து, வாக்மனைக் காதில் மாட்டி, பஸ்ஸில் போனேன். சிஸ்டரிடம் கேட்டேன். தண்ணியாக இருந்தால் கொடு, நிமிர்த்தி இருத்திக் கொடு, எவ்வளவு போனதென்று எழுது என்றா. தேத்தண்ணி போடும் வார்ட் குசினியில், தேயிலை வடியால் வடித்தேன்.

மூன்று கரண்டி குடித்துவிட்டு நித்திரையாகிவிட்டார். அடுத்த நாள் அரைக் கோப்பை. வியாழக்கிழமை முழுக் கோப்பை. ஊசி மருந்தும் வேலை செய்திருக்கும், நான் மறைக்கவில்லை.

"உன் அம்மாவிடம் சொல், கிரேக்கர்கள் உள்ளியை மறந்துவிட்டார்கள்" என்றார்.

வெள்ளிக்கிழமை

வடியும் கையுமாக சந்திரா அக்காவிடம் பிடிபட்டேன். அவதான் எங்களுக்கு சூப்பர்வைசர், லண்டனின் மற்றக் கரையில் கிங்ஸ்பரியிலிருந்து இரண்டு ரயில் மாறி வந்தும் ஒருநாளும் பிந்தாதவ.

"இதென்ன, தம்பி?"

"கஞ்சி, அக்கா. சிஸ்டர் ஓமெண்டவ."

"வேலை செய்யிற ஆக்கள் வீட்டுச் சாப்பாடு குடுக்கேலாது. ஆருக்கும் வயித்தாலை போனா என்ர தலைதான் உருளும். சிங்கில ஊத்து."

பிளாஸ்கை சிங்குக்கு மேலே பிடித்தேன். உள்ளி மணந்தது. சந்திரா அக்கா மூச்சை இழுத்தபடி நின்றா. அப்போது ட்ரிப் தொங்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மிஸ்டர் கோல்மன் குசினி வாசலில் வந்து நின்றார். வந்த நாளிலிருந்து தனியாகக் கட்டிலை விட்டு இறங்காத மனிதர்.

"இன்றைக்கு வடிக்க வேண்டாம்" என்றார்.

"என்னவாம் சொல்லுறார்?" என்று அக்கா தமிழில் கேட்டா.

"காய்ச்சல் விட்டிட்டுதாம், அக்கா."

அக்கா என் கையிலிருந்த வடியை வாங்கிக் கழுவி, கொளுக்கியில் மாட்டிவிட்டு, கதவுப் பக்கம் திரும்பினா.

"நான் ஊத்தச் சொன்னனான். அதை மட்டும் ஞாபகம் வச்சிரு."

நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன், சிங்கில் ஊத்தத்தான் இல்லை.