நைனா உள்ளே வந்த விதம்

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணிக்கு, செஞ்சியில் திருவண்ணாமலை சாலையிலுள்ள ஒரு டியூஷன் சென்டரின் வாசலில் நானும், நான் நைனா என்று கூப்பிடும் என் அப்பாவும் நின்றிருந்தோம். குடியை விட விரும்புகிறவர்கள் ஞாயிறுதோறும் அங்கே கூடுகிறார்கள் என்பதைப் பேருந்துக்குள் ஒட்டியிருந்த ஒரு துண்டுத்தாளில் பார்த்து, அதிலிருந்த எண்ணை அழைத்து, இடத்தை உறுதிசெய்திருந்தேன்.

அம்மா பொங்கலுக்கு மறுவாரமே அவலூர்பேட்டையிலுள்ள மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது சண்டை போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அந்தாளு ஒரு கூட்டத்துலயாவது போய் உக்காந்தாருன்னு நீ சொல்லு, வரேன். அவரு சொன்னா நம்ப மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

நைனா மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்று மோட்டார் எரிந்தாலும் அவர் கடைக்குத்தான் வரும். வாசலில் கழற்றிவிட்டிருந்த செருப்புகளைக் கண்டதும் அவர் நின்றுவிட்டார்.

"உள்ள எவன் எவன் இருக்கானோ. நீ போய்ப் பாத்துட்டு வா. தெரிஞ்ச மூஞ்சி இல்லன்னா வரேன்."

"உனக்குத் தெரியாத மூஞ்சி இந்த ஊர்ல ஏது நைனா?"

"அப்ப கேட்டு வரைக்கும் வந்தாருன்னு அம்மாகிட்ட சொல்லிடு."

கேட் வரை வருவதும் கூட்டத்தில் உட்காருவதும் ஒன்றல்ல என்றேன். அவர் எதிரிலிருந்த டீக்கடையை நோக்கி நடந்தார். நான் தனியாக உள்ளே போனேன்.

பிள்ளைகளுக்கான குட்டை பெஞ்சுகளில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் பிளஸ் டூ வேதியியல் பாடம், எத்தனால் தயாரிக்கும் முறை, அழிக்கப்படாமல் இருந்தது. கூட்டத்தை நடத்தியவர் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். பழக்கம் மாறாமல், "உள்ள வாம்மா, உள்ள வா, முன்னாடி எடம் இருக்குது" என்றார். யாரும் பெயர் கேட்கவில்லை. புதிதாக வருகிறவரை எதுவும் கேட்பதில்லை என்பது அங்கே வழக்கமாம். நல்ல வழக்கம்தான், ஆனால் நான் எதற்காக வந்தேன் என்று சொல்ல இடம் தரும் கேள்வி ஒன்றுகூட வரவில்லை. டீ வந்தது. பிஸ்கட் வந்தது. பிறகு எல்லோரும் எனக்காகக் கைதட்டினார்கள்.

"நான் எனக்காக வரல. எங்க நைனாவுக்காக வந்தேன்" என்றேன்.

எல்லாத் தலைகளும் பரிவோடு அசைந்தன.

"மொதல்ல அப்டித்தான் கண்ணு இருக்கும்" என்றார் பக்கத்து பெஞ்சிலிருந்த ஒரு விவசாயி. "மச்சானுக்காக வந்தேன்னு சொல்லிக்கினு நான் ஒரு மாசம் வந்தேன். எனக்கு மச்சானே கெடையாது."

"உண்மையாவே நான் குடிச்சதில்லைங்க."

"அவசரமே இல்லம்மா" என்றார் நடத்துநர். "மனசு வரும்போது சொல்லு."

"படிக்கற பொண்ணு. இன்னா டென்ஷனோ பாவம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

நான் இலக்கியம் படிக்கிறவள். வாக்கியத்தை எப்படிக் கட்டினால் பொருள் பிறழாது என்று ஓரளவு அறிந்தவள். அன்று நான் சொன்ன தெளிவான வாக்கியம் ஒவ்வொன்றும் என்னை இன்னும் முற்றிய குடிகாரியாக்கியது. கடைசியில் பேசாமல் இருந்துவிட்டேன். அதைப் பார்த்து ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெளியே போய் நைனாவை அழைத்து வருகிறேன் என்று எழுந்தேன். நடத்துநர் கையமர்த்தினார். "இந்த நேரத்துல எழுந்து போறவங்க நேரா எங்க போவாங்கன்னு எங்களுக்குத் தெரியும்மா."

உட்கார்ந்த இடத்திலிருந்தே நைனாவுக்குப் போன் செய்தேன். "நைனா, இவங்க என்னையே குடிக்கிற ஆளுன்னு நெனச்சிட்டாங்க." போன் துண்டிக்கப்பட்டது. சற்று நேரத்தில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நைனா உள்ளே வந்தார்.

"யார்யா எம் பொண்ணு குடிக்கறான்னு சொன்னது? அவ காப்பி கூட குடிக்க மாட்டா. எங்க வூட்ல குடிக்கறது நானு! நான் மட்டுந்தான்!"

உடனே கைதட்டல். எனக்குக் கிடைத்ததைவிடப் பலமான கைதட்டல். யாருக்காகத் தட்டுகிறார்கள் என்று நைனா பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"அது எங்களுக்குத் தெரியும்ணே" என்றார் அந்த விவசாயி. "எம் மோட்டாரு மூணு வாரமா உங்க கடையில கெடக்குது. கடை தொறந்திருந்தா நீங்க நெதானத்துல இல்ல. நீங்க நெதானமா இருந்தா கடை தொறக்கல."

"என்னுது அஞ்சு வாரம்" என்றது பின்வரிசை.

நைனாவின் பார்வை வாசலுக்குப் போனது. நடத்துநர் முந்திக்கொண்டார். "மோட்டாரு பேச்சயெல்லாம் வெளிய வெச்சிக்குங்க. பாப்பா, நீ எழுந்து அப்பாவுக்கு எடம் குடு."

எழுந்து கொடுத்தேன். நைனா உட்கார்ந்தார். கூட்டம் முடியும்வரை எழவில்லை. டீ கொடுத்தபோது அவர் கை நடுங்கியது. விவசாயி தன் பேச்சை நிறுத்தாமலே, டம்ளரின் அடியில் தன் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை நைனா எனக்கு முன்பே எழுந்து கடைக்குப் போயிருந்தார். அடுத்த ஞாயிறும் வருவாரா என்று நான் கேட்டிருக்கவில்லை. அம்மாவுக்குப் போன் செய்து, நடந்ததை நடந்த வரிசையில், எதையும் விடாமல் சொன்னேன்.

"உக்காந்தாரா?"

"உக்காந்தாரு. முடியற வரைக்கும்."

"இரு இரு. உன்ன இன்னான்னு நெனச்சாங்க? கை வேற தட்னாங்களா? நாளைக்கு உனக்கு மாப்ள பாக்க வாணாமா? இவரு ஒருதரம் கத்திட்டா ஆச்சா? நானே வந்து சொல்றேன் அவங்களுக்கு."

"கூட்டம் அடுத்த ஞாயிறுதாம்மா."

"அதுவரைக்கும் இங்க யாரு உக்காந்திருக்கறது? பத்தர பஸ்சுல வரேன்."

நான் குளித்து, அரிசியைக் களைந்து உலையில் போட்டு, கஞ்சியை வடித்துவிட்டு, அம்மாவின் பையைத் தூக்கிவரப் பேருந்து நிலையத்துக்குப் போனேன்.